சதுப்பரசியின் விலை

சதுப்பரசிக்கு முதலில் மூன்று என்று விலை வைத்தேன்.
மூன்று விறகு கொடுத்தால் மேசைக்கு வருவாள்,
வந்த சுற்றிலேயே எதிராளியின் ஓநாய் ஒன்றைச்
சேற்றுக்குள் இழுத்துக்கொள்வாள்.
எழுதும்போது நியாயமாகத்தான் இருந்தது.

தார்த்துவில் பிப்ரவரி. ஆறு உறைந்து கிடந்தது.
மூன்றாம் மாடியில் என் சமையலறை,
ஹீட்டர் மேல் காயும் ரீஹோவின் கையுறைகள்,
நூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள்:
அலுவலகப் பிரிண்டரில் திருட்டுத்தனமாக அடித்து,
மீன் வெட்டும் கத்தரியால் நறுக்கி,
பழைய கட்டின் ராஜா ராணிகளுக்கு முன்னால்
பிளாஸ்டிக் உறைக்குள் செருகியவை.
கனம் அவர்களுடையது, முகம் என்னுடையது.

பகலில் எனக்குத் தராசுகளைச் சோதிக்கும் வேலை.
சந்தைக்காரர்கள், மருந்துக்கடை, தபால் நிலையம்.
எல்லாத் தட்டிலும் பித்தளைக் கல்லை வைத்துப் பார்த்து
ஸ்டிக்கர் ஒட்டிவிட்டு வருவேன்.
ஒரு கிலோ எங்கேயும் ஒரு கிலோ.
ஓநாய்க்கு எதிர்த்தட்டில் எதை வைப்பது?
அதற்கு எடைக்கல் கிடையாது.
மாரிக்காதான் இருக்கிறாள்.

மாரிக்கா செயற்கைப் பல் செய்பவள்.
எந்த இடுக்கில் மயிரிழை இடைவெளி என்று
விரலுக்கே தெரியும்.
முதல் வாரம் அரசியை வைத்து
நான்காம் சுற்றில் எங்களை முடித்தாள். ஏழு தடவை.
மூன்றை அழித்து நான்கு என்று எழுதினேன்.
அடுத்த வாரம் ஐந்து.
‘ஓநாயை இழுப்பாள்’ என்பதைக்
‘களைத்த ஓநாயை’ என்று சுருக்கினேன்.
பிறகு ‘களைத்த, காயம்பட்ட ஓநாயை.’
மார்ச்சில் அவள் பென்ஷன்காரிபோல
மேசையோரம் உட்கார்ந்திருந்தாள்.
மாரிக்கா அப்போதும் நான்காம் சுற்றில்தான் முடித்தாள்.

தவளை.
ஒரே ஒரு விறகு விலையுள்ள, வழி கேட்கும் தவளை.
எண்ணிக்கை குறைகிறதே என்று ஓரிரவு
பல் துலக்கிக்கொண்டே எழுதிய சீட்டு.
செத்தால் கைக்குத் திரும்பும், அவ்வளவுதான்.
பலிக்கல்லோ, நம்முடையது ஒன்றைக் கொடுத்தால்
ஒரு விறகு தரும், எதிராளிக்கு ஒரு கீறல் போடும்.
தனித்தனியே இரண்டும் சாது.
அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.
செத்தது, வந்தது, செத்தது, வந்தது,
நாங்கள் மூவரும் கீறிக் கீறியே செத்தோம்.
“இது என் இரண்டாம் நம்பர் பஸ்,” என்றான் ரீஹோ,
“கடைசி நிறுத்தமே இல்லாதது.”
ஐந்து வாரம் நான் யாரையோ தண்டித்திருக்கிறேன்.

படங்கள் எல்லாம் கௌப்போ வரைந்தவை.
தோல்விகளின் நோட்டும் அவனிடம்தான்.
முப்பத்து நான்கு ஆட்டம், முப்பத்தொன்றில் தோல்வி.
எப்போதும் படகோட்டியைத்தான் இறக்குவான்.
படகோட்டி பெரிதாக ஒன்றும் செய்வதில்லை:
ஒருவரை ஏற்றுவான், அடுத்த சுற்றில் இறக்குவான்.

போன வியாழன், அவன் வருமுன்,
படகோட்டியின் பலத்தை ஒன்றிலிருந்து மூன்றாக்கினேன்.
யாரிடமும் சொல்லவில்லை.
கையில் எடுத்ததும் கண்டுகொண்டான்.
அழிரப்பரை வாங்கித் தானே அழித்து
மறுபடி ஒன்று என்று எழுதினான்.
“நான் தோற்பது ஆட்டத்தாலா என்னாலா என்று
இந்த நோட்டுச் சொல்லியாக வேண்டும், ஹெல்வே.
நீ தட்டில் விரல் வைத்தால் எப்படிச் சொல்லும்?”

காது மடல் வரை சுட்டது.
சந்தையில் இதே விரலுக்கு
அபராதச் சீட்டு எழுதுகிறவள் நான்.

தவளை இனி ஒரே முறைதான் திரும்பும்.
அரசியைப் பழைய விலைக்கே கொண்டுவரப் பார்த்தேன்.
அழித்து அழித்து மூலைக் காகிதம் பிய்ந்து,
எண் இருந்த இடத்தில் ஓட்டை.
உள்ளிருக்கும் இஸ்பேட் எட்டிப் பார்க்கிறது.
“இஸ்பேட் என்றால் மூன்று,” என்றாள் மாரிக்கா.
“நான்கு,” என்றான் ரீஹோ.
இன்னும் முடிவாகவில்லை.

கௌப்போ அன்றும் தோற்றான்.
நோட்டில் எழுதினான்: முப்பத்தைந்து. ஒன்பதாம் சுற்று.
ஒன்பதுக்குக் கீழே இரண்டு கோடு போட்டுவிட்டுக்
கறுப்பு ரொட்டியில் மீனை வைத்துக் கடித்தான்,
எண்ணெய் விரல் படாமல்
படகோட்டியை முழங்கையால்
அப்பால் நகர்த்தி வைத்து.